மூக்கைத் தூக்கினால் விமானம் ஏன் விழுகிறது? பல்லாவரத்தில் தொடங்கும் ஓர் இறக்கைக் கதை!

‘ஸ்டால்’ என்றதும் நம் எல்லோருக்கும் முதலில் ஞாபகம் வருவது டீ ஸ்டால்தான். அடுத்தது புத்தகக் கண்காட்சி ஸ்டால். கார் ஓட்டக் கற்றுக்கொள்பவர்களைக் கேட்டால், கிளட்ச்சைச் சட்டென்று விட்டதும் வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி நின்றுபோவதைச் சொல்வார்கள். ஆனால், இதே வார்த்தையை ஒரு விமானியிடம் சொல்லிப் பாருங்கள். முகம் மாறிவிடும்.

‘விமானம் ஸ்டால் ஆகி விழுந்தது’ என்று செய்தியில் படித்தால், எஞ்சின் நின்றுவிட்டது என்றுதான் பலரும் நினைப்போம். அது தவறு. எஞ்சின் முழு வேகத்தில் உறுமிக்கொண்டிருக்கும்போதும் விமானம் ஸ்டால் ஆகலாம். அங்கே நின்றுபோவது எஞ்சின் இல்லை, இறக்கையின் வேலை.

குரோம்பேட்டை, பல்லாவரம், சேலையூர், செம்பாக்கம் பக்கம் வசிப்பவர்களுக்கு விமானச் சத்தம் புதிதல்ல. ஒரு பக்கம் மீனம்பாக்கம் விமான நிலையம், இன்னொரு பக்கம் தாம்பரம் விமானப்படை நிலையம். மொட்டை மாடியில் துணி காயப்போடும்போதுகூட அண்ணாந்து பார்க்காமல் இருக்க முடியாது. அப்படிப் பார்த்து வளரும் பிள்ளைகளில் சிலர் தெர்மகோலில் ரிமோட் விமானம் செய்வார்கள். அவர்களில் ஓரிருவருக்கு, ‘நாமே ஒன்றைக் கட்டி, நாமே அதில் ஏறிப் பறந்தால் என்ன?’ என்ற ஆசையும் வரும். உட்கார்ந்த இடத்திலிருந்தே யூடியூபில் ஆயிரம் வீடியோ பார்க்கக் கிடைக்கிற காலம் இது.

அந்த ஆசை இந்த வட்டாரத்துக்குப் புதிதல்ல. அதற்கு நூற்றுப் பத்து வயதுக்கும் மேல் ஆகிறது.

ஹோட்டல்காரர் கட்டிய விமானம்

1909 ஜூலை 25. பிரான்ஸைச் சேர்ந்த லூயி பிளேரியோ ஒரு சின்ன விமானத்தில் ஆங்கிலக் கால்வாயைக் கடந்தார். உலகமே அதைப் பற்றிப் பேசியது. மதராஸில் மவுன்ட் ரோட்டில் ஹோட்டல் நடத்திவந்த ஜாக்கோமோ டி ஏஞ்சலிஸ் என்பவருக்கும் அந்தச் செய்தி வந்து சேர்ந்தது. படித்துவிட்டு மடித்து வைக்க அவரால் முடியவில்லை. தானும் ஒரு விமானம் கட்டுவது என்று இறங்கிவிட்டார்.

வடிவம் அவருடையது. கட்டிக் கொடுத்தது சிம்ப்சன் நிறுவனம். குதிரை வண்டிகளும் மோட்டார் கார்களுக்கான கூண்டுகளும் செய்து பேர் வாங்கிய அதே சிம்ப்சன்தான். சிறிய எஞ்சின் ஒன்றைப் பொருத்தி, பல்லாவரத்தில் பறக்கவிட்டுப் பார்த்தார். 1910 மார்ச்சில், தீவுத்திடலில் கட்டணம் வைத்து மக்களுக்கும் பறந்து காட்டினார். அலகாபாத்தில் உலகின் முதல் அதிகாரபூர்வ விமானத் தபால் பறந்தது 1911 பிப்ரவரியில். அதற்குக் கிட்டத்தட்ட ஒரு வருடம் முன்பே மதராஸ் பறந்துவிட்டது!

இதில் ஆச்சரியப்பட இன்னொரு விஷயமும் இருக்கிறது. டி ஏஞ்சலிஸ் பறந்த 1910-ல், ஸ்டால் ஆகிச் சுழன்று விழும் விமானத்தை எப்படி மீட்பது என்று உலகத்தில் யாருக்குமே சரியாகத் தெரியாது. 1912 ஆகஸ்ட் 25 அன்று இங்கிலாந்தில் வில்ஃப்ரெட் பார்க் என்ற கடற்படை விமானி, சுழன்றுகொண்டே விழுந்த விமானத்தைத் தரைக்கு மிக அருகே மீட்டு, உயிரோடு இறங்கி வந்தார். என்ன செய்து மீட்டார் என்பது தெளிவாகப் பதிவான முதல் சம்பவம் அதுதான்.

அதற்கு முன்பு உயிர் விட்டவர்கள் ஏராளம். கிளைடரில் பறந்து உலகுக்கே வழிகாட்டிய ஜெர்மானியர் ஓட்டோ லிலியென்டால், 1896 ஆகஸ்டில் இப்படித்தான் விழுந்து இறந்தார். அவருடைய மரணம் ரைட் சகோதரர்களை மிகவும் யோசிக்க வைத்தது. தங்கள் விமானத்தில் மூக்கை ஏற்றி இறக்கும் பகுதியை வாலில் வைக்காமல் முன்னால் வைத்ததற்கு, அந்த விபத்து தந்த பயமும் ஒரு காரணம்.

கல்யாணப் பத்திரிகை போதும்!

ஸ்டால் என்றால் என்ன என்று தெரிந்துகொள்ள விமானம் தேவையில்லை. வீட்டில் டேபிள் ஃபேனும், கெட்டியான ஒரு பழைய கல்யாணப் பத்திரிகையும் இருந்தால் போதும்.

ஃபேனை ஓடவிட்டு, அட்டையின் ஒரு விளிம்பு ஃபேனைப் பார்க்கும்படி மட்டமாகப் பிடியுங்கள். காற்று மேலேயும் கீழேயும் வழுக்கிக்கொண்டு போகும். கையில் பெரிதாக எதுவும் தெரியாது. இப்போது ஃபேனைப் பார்க்கும் விளிம்பை லேசாக உயர்த்துங்கள். அட்டை மேலே எழும்பப் பார்க்கும். இன்னும் கொஞ்சம் உயர்த்தினால், எழும்பும் விசையும் கூடும். அதுதான் ஏற்றுவிசை. விமானத்தைத் தூக்கிப் பிடிப்பது அதுதான்.

இன்னும் உயர்த்துங்கள். ஒரு கட்டத்துக்கு மேல் அட்டை எழும்புவதை விட்டுவிட்டுப் படபடவென்று ஆடத் தொடங்கும். உங்கள் கையைப் பின்னால் தள்ளும். காற்று அட்டையின் மேல்பக்கத்தோடு ஒட்டி வழுக்கிப் போவதை நிறுத்திவிட்டு, பிய்த்துக்கொண்டு சுழலத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். ஸ்டால் என்பது இவ்வளவுதான்.

எதிரே வரும் காற்றுக்கும் இறக்கைக்கும் நடுவே உள்ள கோணத்தைத் ‘தாக்குகோணம்’ என்கிறார்கள். பெரும்பாலான சிறிய விமானங்களின் இறக்கைகளில் அது 15, 16 டிகிரியைத் தாண்டினால் காற்று பிய்ந்துவிடும். ‘அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு’ என்று பாட்டி சொன்னது இறக்கைக்கும் பொருந்தும்.

கவனியுங்கள்: இதில் எஞ்சின் எங்கேயும் வரவில்லை. வேகம்கூட நேரடியாக வரவில்லை. கோணம்தான் கணக்கு. வேகம் குறையும்போது ஸ்டால் ஆவது ஏன் என்றால், குறைந்த வேகத்திலும் அதே எடையைத் தூக்கிப் பிடிக்க விமானி மூக்கை மேலும் மேலும் உயர்த்துகிறார். கோணம் கூடுகிறது. ஒரு நொடியில் எல்லை தாண்டிவிடுகிறது.

திரும்பும்போதுதான் ஆபத்து

நேராகப் பறக்கும்போது மணிக்கு 80 கிலோமீட்டரில் ஸ்டால் ஆகும் ஒரு சின்ன விமானத்தை எடுத்துக்கொள்வோம். ‘அப்படியென்றால் 90-ல் போனால் பத்திரம்தானே?’ என்று கேட்கத் தோன்றும். நேராகப் போகும்வரை சரி. திரும்பினால் கதை வேறு.

பைக்கில் வளைவு எடுக்கும்போது வண்டியைச் சாய்ப்பதுபோல, விமானமும் சாய்ந்துதான் திரும்பும். சாய்ந்த இறக்கை, எடையைத் தூக்கவும் வேண்டும், விமானத்தைப் பக்கவாட்டில் திருப்பவும் வேண்டும். வேலை கூடுகிறது. 45 டிகிரி சாய்த்து உயரம் குறையாமல் திருப்பினால், அதே விமானம் மணிக்கு 95 கிலோமீட்டரிலேயே ஸ்டால் ஆகிவிடும். 60 டிகிரி சாய்த்தால் இறக்கை தன் எடையைப்போல இரண்டு மடங்கைத் தாங்க வேண்டும். ஸ்டால் வேகம் 113-க்கு ஏறிவிடும். நேராகப் போகும்போது பத்திரமாக இருந்த 90, திருப்பத்தில் பத்திரமில்லை.

சின்ன விமானங்களில் உயிரைப் பறிக்கும் இடங்களில் ஒன்று தரையிறங்குவதற்கு முந்தைய அந்தக் கடைசித் திருப்பம். ரன்வேயின் நேர்க்கோட்டைக் கொஞ்சம் தாண்டிவிட்டோமே என்ற பதற்றத்தில் விமானி திருப்பத்தை இறுக்குவார். மூக்கு தாழ்கிறதே என்று ஸ்டிக்கைப் பின்னால் இழுப்பார். ஓர் இறக்கை முதலில் ஸ்டால் ஆகிச் சாயும். விமானம் சுழலத் தொடங்கும். இதைத்தான் ‘ஸ்பின்’ என்கிறார்கள். ஆயிரம் மீட்டர் உயரத்தில் இது நடந்தால் மீளலாம். 150 மீட்டர் உயரத்தில் மீள இடமில்லை.

‘அனுபவம் இல்லாதவர்களுக்குத்தான் இப்படி ஆகும்’ என்று நினைக்க வேண்டாம். 2009 ஜூன் 1 அன்று, ரியோவிலிருந்து பாரிஸுக்குப் போன ஏர் பிரான்ஸ் 447 விமானம் அட்லான்டிக் கடலில் விழுந்து 228 பேர் இறந்தார்கள். வேகம் காட்டும் கருவி சிறிது நேரம் உறைந்து குழப்பியதில், மூக்கு தூக்கப்பட்டு விமானம் ஸ்டால் ஆனது. இரண்டு எஞ்சின்களும் கடைசிவரை ஓடிக்கொண்டுதான் இருந்தன. ஸ்டால் எச்சரிக்கை ஒலித்தும், கடலைத் தொடும்வரை விமானம் அந்த நிலையிலிருந்து மீளவில்லை.

நல்ல இறக்கை எப்படி இருக்கும்?

‘ஸ்டாலே ஆகாத இறக்கையைச் செய்துவிட்டால் போச்சு’ என்று தோன்றலாம். இறக்கை வடிவமைப்பவர்கள் அப்படி யோசிப்பதில்லை. அவர்கள் கேட்கும் கேள்வி: ஸ்டால் ஆகும்போது எந்த இடத்தில் முதலில் ஆக வேண்டும்? விமானிக்கு அது முன்கூட்டியே தெரியுமா?

விடை எளிது. விமான உடலோடு சேரும் அடிப்பகுதி முதலில் ஸ்டால் ஆக வேண்டும். நுனி கடைசியில் ஆக வேண்டும். ஏனென்றால், விமானத்தை இடம் வலமாகச் சாய்த்துச் சமன்செய்யும் ‘ஏலெரான்’ என்ற மடிப்புகள் நுனிப் பக்கம்தான் இருக்கின்றன. நுனி முதலில் செத்துப்போனால், ஓர் இறக்கை தொப்பென்று விழும். நிறுத்த வழி இருக்காது. அடிப்பகுதி முதலில் ஆனால், அங்கே பிய்ந்த காற்று வாலில் போய் மோதி விமானமே லேசாக அதிரும். ‘தம்பி, போதும், நிறுத்து’ என்று இறக்கையே சொல்வதுபோல.

அதற்குச் சில வழிகள் உண்டு. முதல் வழி, இறக்கையைச் செவ்வகமாகவே வைப்பது. பார்க்கப் பலகைபோல இருக்கும், அழகு கம்மி. ஆனால், செவ்வக இறக்கை இயல்பாகவே அடிப்பகுதியில்தான் முதலில் ஸ்டால் ஆகும். நுனியை நோக்கி ரொம்பவும் ஒடுங்கும் இறக்கை பார்க்க அழகு. நுனியில் முதலில் ஸ்டால் ஆகும் குணம் அதற்கு அதிகம். முதல்முறை கட்டுபவர்களுக்குச் செவ்வக இறக்கையைப் பரிந்துரைப்பது, செய்வதற்குச் சுலபம் என்பதற்காக மட்டுமல்ல.

இரண்டாவது வழி, இறக்கையை லேசாக முறுக்குவது. அடிப்பகுதியைவிட நுனி இரண்டு, மூன்று டிகிரி குறைந்த கோணத்தில் இருக்கும்படி செய்வார்கள். ‘வாஷ்-அவுட்’ என்று பெயர். அடிப்பகுதி எல்லையைத் தொடும்போது நுனிக்கு இன்னும் இரண்டு டிகிரி மிச்சம் இருக்கும். இரண்டாம் உலகப் போரில் புகழ்பெற்ற ஸ்பிட்ஃபயரின் அழகான நீள்வட்ட இறக்கையிலும் இந்த முறுக்கு உண்டு.

மூன்றாவது, அடிப்பகுதியின் முன்விளிம்பில் முக்கோணமான சின்னப் பட்டை ஒன்றை ஒட்டுவது. ‘ஸ்டால் ஸ்டிரிப்’ எனப்படும் இது, காற்று அங்கே முதலில் பிய்வதை உறுதிசெய்யும். இன்னொரு வழி, நுனிப் பக்க முன்விளிம்பைக் கொஞ்சம் கீழ்நோக்கித் தாழ்த்துவது. அமெரிக்காவின் நாசா 1970-களிலும் 80-களிலும் சிறிய விமானங்களில் இதைச் சோதித்து, ஸ்பின்னுக்குப் போகும் குணம் நன்றாகக் குறைவதைக் காட்டியது.

இந்தக் கணக்குகளைச் சொல்லித்தரும் இடம் குரோம்பேட்டையிலேயே இருக்கிறது. 1949-ல் சி.ராஜம் தொடங்கிய எம்.ஐ.டி., நாட்டில் விமானப் பொறியியலை ஆரம்பத்திலேயே கற்பிக்கத் தொடங்கிய கல்லூரிகளில் ஒன்று. 1950-களில் அங்கே படித்த அப்துல் கலாம், நண்பர்களோடு சேர்ந்து தாழ்வாகப் பறக்கும் தாக்குதல் விமானம் ஒன்றை வடிவமைக்கும் புராஜெக்ட் செய்தார். அதில் அவர் எடுத்துக்கொண்ட பங்கு, காற்றியக்க வடிவமைப்பு. ஆமாம், இறக்கைக் கணக்குதான்.

நாலு சென்டிமீட்டர் கணக்கு

வரைபடத்தில் எல்லாம் சரியாக இருக்கும். வீட்டில் கட்டும்போதுதான் சிக்கல்.

முன்னிருந்து பின்வரை 1.2 மீட்டர் அகலமுள்ள இறக்கை என்று வைத்துக்கொள்வோம். அதில் 2 டிகிரி முறுக்கு என்றால், நுனியில் பின்விளிம்பு சுமார் 4 சென்டிமீட்டர் உயர்ந்திருக்க வேண்டும். இடது இறக்கையில் 4 சென்டிமீட்டர், வலது இறக்கையில் கை தவறி 2 சென்டிமீட்டர் என்றால் என்ன ஆகும்? இரண்டு இறக்கைகளும் ஒரே நேரத்தில் ஸ்டால் ஆகாது. வலது நுனி முதலில் விழும். ஒவ்வொரு முறை ஸ்டால் ஆகும்போதும் விமானம் வலது பக்கமே சுழலப் பார்க்கும். கார்பென்டர் கதவில் 2 சென்டிமீட்டர் தப்பு செய்தால் இழைத்துச் சரிசெய்துகொள்ளலாம். இறக்கையில் அது உயிர்க்கணக்கு.

முன்விளிம்பின் வளைவும் அப்படித்தான். ஒரு பக்கம் கொஞ்சம் கூர்மை, மறுபக்கம் கொஞ்சம் மொண்ணை என்றாலே இரண்டு இறக்கைகளும் இரு வேறு குணம் காட்டும். அதனால்தான் அனுபவசாலிகள் ஒரே அச்சை வைத்து இரண்டு பக்கமும் சரிபார்க்கிறார்கள்.

அடுத்தது எடை. ‘இந்த இடத்தில் பலகை கொஞ்சம் தடிமனாக இருக்கட்டும், இன்னொரு கோட் பெயின்ட் அடிப்போம், சீட்டுக்குக் குஷன் வைப்போம்’ என்று ஒவ்வொன்றாகச் சேரும். 300 கிலோவுக்கு வடிவமைத்த விமானம் 375 கிலோவில் போய் நின்றால், மணிக்கு 80-ல் இருந்த ஸ்டால் வேகம் 89-க்கு ஏறிவிடும். விமானி மனதில் பழைய 80 இருக்கும். இறக்கையிடம் புதிய 89 இருக்கும்.

எல்லாவற்றையும்விட முக்கியம், அந்த எடை எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பது. எடை மையம் முன்பக்கம் இருந்தால், ஸ்டால் ஆனதும் மூக்கு தானாகத் தாழ்ந்து வேகம் பிடிக்கும். வால் பக்கம் போய்விட்டால் மூக்கு தாழவே தாழாது. ஸ்பின்னிலிருந்து மீள்வது மிகக் கடினம். பெரிய நிறுவனமோ வீட்டு ஷெட்டோ, முதல் பறத்தலுக்கு முன் ஒவ்வொரு சக்கரத்துக்குக் கீழேயும் தராசு வைத்து விமானத்தை எடை போடாமல் யாரும் விடக் கூடாது என்பது இதனால்தான்.

சோதிக்க ஒரு மலிவான வழியும் உண்டு. கம்பளி நூலைச் சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டி, இறக்கையின் மேல்பக்கம் வரிசையாக ஒட்டிவிடுவார்கள். காற்று ஒழுங்காகப் போகும்வரை நூல்கள் பின்னோக்கிப் படுத்திருக்கும். எங்கே பிய்கிறதோ அங்கே நூல் தலைகீழாக ஆடும். போதுமான உயரத்தில் பறந்து, இதை கேமராவில் படமெடுத்துப் பார்த்தால், இறக்கை எந்த இடத்தில் முதலில் கைவிடுகிறது என்பது கண்ணுக்கே தெரிந்துவிடும்.

‘ஸ்டாலே ஆகாது’ என்றவர்களின் கதை

1930-களில் பிரான்ஸைச் சேர்ந்த ஆன்ரி மின்யே, சாமானியர்கள் வீட்டிலேயே கட்டிக்கொள்ளலாம் என்று ஒரு குட்டி விமானத்தை உருவாக்கினார். ஆங்கிலத்தில் ‘ஃப்ளையிங் ஃப்ளீ’ என்று பெயர், பறக்கும் தெள்ளுப்பூச்சி! ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு இறக்கைகள். மற்ற விமானங்கள்போல ஸ்டால் ஆகிச் சுழலாது என்பதுதான் அதன் பெருமை. 1934-ல் அவர் எழுதிய புத்தகத்தைப் பார்த்து, பிரான்ஸிலும் இங்கிலாந்திலும் ஏராளமானவர்கள் கொட்டகையில் உட்கார்ந்து கட்டத் தொடங்கினார்கள்.

சொன்னபடி அது சுலபத்தில் ஸ்டால் ஆகவில்லை. ஆனால், வேறொரு வழியில் கொன்றது. மூக்கு ஓரளவுக்கு மேல் தாழ்ந்துவிட்டால், விமானி ஸ்டிக்கை இழுக்க இழுக்க, முன் இறக்கைக்கும் பின் இறக்கைக்கும் நடுவே காற்று வேகமாகப் பாய்ந்து பின் இறக்கையைத் தூக்கிவிட்டது. மூக்கு இன்னும் தாழ்ந்தது. அப்படியே தரையில் போய்ச் செருகியது. தொடர் மரணங்களுக்குப் பிறகு, முழு விமானத்தையே பெரிய காற்றுச் சுரங்கத்தில் வைத்துச் சோதித்த பின்தான் காரணம் புரிந்தது. பிற்பாடு வடிவம் திருத்தப்பட்டது. ஆனால் போன உயிர்கள் போனதுதான்.

1975-ல் அமெரிக்காவின் பர்ட் ரூட்டன் வேறு வழியில் வந்தார். அவருடைய ‘வேரி ஈஸி’ விமானத்தில் சின்ன இறக்கை மூக்குப் பக்கம், பெரிய இறக்கை பின்னால். சின்னது முதலில் ஸ்டால் ஆகும்படி கணக்கு. அது கைவிட்டதும் மூக்கு தானாகத் தாழும். பெரிய இறக்கை எல்லைக்குப் போகவே போகாது. வீட்டில் கட்டுபவர்கள் உலகெங்கும் அதைக் கொண்டாடினார்கள். அதற்கும் விலை உண்டு. பெரிய இறக்கையின் முழுத் திறனையும் பயன்படுத்த முடியாததால், தரையிறங்கும் வேகம் அதிகம். நீளமான ரன்வே வேண்டும். முன் இறக்கை மழையில் நனைந்தால் விமானத்தின் நடத்தையே மாறுவதும் தெரியவந்தது. நம் ஊர் ஐப்பசி மழையை நினைத்துப் பாருங்கள்!

ஓர் ஆபத்தை மூடும்போது இன்னொன்று திறக்கிறது. ஆகவே, ‘இந்த டிசைன் விழவே விழாது’ என்று யாராவது வீடியோ போட்டால், கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: ‘சரி, இது எப்போது, எப்படிக் கைவிடும்?’

தாம்பரத்தில் சொல்லித்தரும் வித்தை

இறக்கை எவ்வளவு நல்லதாக இருந்தாலும் மிச்ச வேலை மனிதனுடையது. அதற்கு தாம்பரம் பேர்போன இடம். விமானப்படையின் பறத்தல் பயிற்றுநர் பள்ளி 1948-ல் அம்பாலாவில் தொடங்கி, 1954-ல் தாம்பரத்துக்கு வந்தது. விமானம் ஓட்டக் கற்றுத்தரும் பள்ளி அல்ல அது. கற்றுத்தருபவர்களுக்குக் கற்றுத்தரும் பள்ளி. வாத்தியார்களுக்கு வாத்தியார்!

பறக்கப் பழகும் ஒவ்வொருவருக்கும் ஆரம்பப் பாடங்களில் ஒன்று ஸ்டால். நல்ல உயரத்துக்குப் போய், வேண்டுமென்றே விமானத்தை ஸ்டால் ஆக்கி, மீட்டுக் காட்டுவார் பயிற்றுநர். பிறகு மாணவர் செய்ய வேண்டும். திரும்பத் திரும்ப.

மீட்பது எப்படி? ஸ்டிக்கை முன்னால் தள்ளி மூக்கைத் தாழ்த்த வேண்டும். கோணம் குறைந்ததும் காற்று மறுபடி இறக்கையோடு ஒட்டிக்கொள்ளும். எஞ்சினுக்கு வேகம் கொடுத்து, இறக்கைகளைச் சமன்செய்து, நிதானமாக மேலே வர வேண்டும். சொல்வதற்கு இரண்டே வரி. ஆனால், தரை எதிரே ஏறி வருவதுபோலத் தெரியும்போது, மூக்கை அந்தத் தரையை நோக்கியே தள்ளுவதற்கு மனசு வராது. உடம்பு முழுக்க ‘இழு, இழு’ என்றுதான் கத்தும். இழுத்தால் சாவு, தள்ளினால் பிழைப்பு. அந்த இயல்பை மாற்றத்தான் பயிற்சி. எந்த வீடியோவும் தர முடியாத பாடம் அது.

கட்டலாமா? கட்டலாம்!

நம் நாட்டில் கட்டிக் காட்டியவர்கள் இருக்கிறார்கள். மும்பை காந்திவலியில் அடுக்குமாடிக் குடியிருப்பின் மொட்டை மாடியிலேயே ஆறு பேர் உட்காரும் விமானத்தைக் கட்டினார் விமானி அமோல் யாதவ். 2016-ல் ‘மேக் இன் இந்தியா’ கண்காட்சியில் அதை வைத்தார். பல வருட அலைச்சலுக்குப் பிறகு, 2017-ல்தான் விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டி.ஜி.சி.ஏ.-வின் பதிவு கிடைத்தது.

கேரளத்தின் தொடுபுழா பக்கத்தைச் சேர்ந்த சஜி தாமஸ் காது கேளாதவர், வாய் பேசாதவர். பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர். அவர் கட்டிய இரண்டு இருக்கை விமானம் பறந்தது நம் திருநெல்வேலிச் சீமையின் மணிமுத்தாறில். அதற்குத் துணையாக நின்றவர், ஓய்வுபெற்ற விமானப்படை விமானி ஒருவர். கட்டியவரின் கைக்குப் பக்கத்தில் பறக்கத் தெரிந்தவரின் கையும் இருந்தது என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது.

ஆசை இருப்பவர்கள் படிப்படியாகப் போகலாம். முதலில் மாடல் விமானம். அதற்கும் விதிகள் உண்டு. மீனம்பாக்கமும் தாம்பரமும் பக்கத்திலேயே இருப்பதால், தென் சென்னையில் நினைத்த இடத்தில் பறக்கவிட முடியாது. ‘டிஜிட்டல் ஸ்கை’ வரைபடத்தைப் பார்த்து, அனுமதி உள்ள இடத்தில்தான் விட வேண்டும். அடுத்து, முறையான பள்ளியில் பறக்கக் கற்பது. அதன் பிறகு, ஏற்கெனவே பலர் கட்டிப் பறந்து, குணம் தெரிந்த டிசைனை எடுத்து, ஒரு மில்லிமீட்டரும் மாற்றாமல் கட்டுவது. மனிதர் ஏறும் விமானம் என்றால், டி.ஜி.சி.ஏ. அனுமதி இல்லாமல் தரையை விட்டு எழும்பவே கூடாது. சொந்தமாக இறக்கை வரைவது கடைசிப் படி. அதை முதல் படியாக வைத்தவர்களின் கதைகள்தான் பெரும்பாலும் சோகமாக முடிந்திருக்கின்றன.

1910-ல் பல்லாவரம் வெட்டவெளியில் டி ஏஞ்சலிஸ் பறந்தபோது, அவருக்கு இதில் எதையும் சொல்லித்தர ஆள் இல்லை. தைரியமும் அதிர்ஷ்டமும் துணைக்கு இருந்தன. இன்று அதே ஜி.எஸ்.டி. சாலையோரம் கல்லூரி இருக்கிறது, சில கிலோமீட்டரில் விமானப்படையின் பயிற்றுநர் பள்ளி இருக்கிறது, நூறு வருட விபத்துகள் எழுதிவைத்த பாடம் இருக்கிறது. இன்றைக்குக் கட்டப்போகிற பிள்ளைக்கு அதிர்ஷ்டத்தை நம்ப வேண்டிய அவசியம் இல்லை.

அடுத்த முறை உங்கள் வீட்டுப் பிள்ளை தெர்மகோலை வெட்டிக்கொண்டு உட்கார்ந்தால், ‘குப்பை போடாதே’ என்று விரட்டாதீர்கள். பழைய கல்யாணப் பத்திரிகை ஒன்றை எடுத்துக் கொடுத்து, டேபிள் ஃபேனைப் போட்டுவிடுங்கள். எந்தக் கோணத்தில் அட்டை கைவிடுகிறது என்று அது தன் கையாலேயே தெரிந்துகொள்ளட்டும்.